செல்பேசி டவரிடம் என்ன சொல்கிறது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், “செல்பேசி தன்னிஷ்டத்துக்கு எதையும் அனுப்புவதில்லை, டவர் இடம் ஒதுக்கிய பிறகே அனுப்புகிறது” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. ஜாதகம் பார்க்கும் செயலி நம்பகமானதா என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

அம்மா, எங்கள் பள்ளியில் சிக்னல் கோடு முழுதாக நிற்கிறது. படம் பார்த்தால் தடங்கலே இல்லை. ஆனால் மாணவிகள் ஆடிய கும்மியை 15 எம்.பி. வீடியோவாகப் பெற்றோர் குழுவில் போட முயன்றால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏன்?
– ஆசிரியை, தேனி மாவட்டம்

அந்தக் கோடுகள் டவர் பேசுவது உங்கள் செல்பேசிக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதைத்தான் காட்டுகின்றன. உங்கள் செல்பேசி பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்பதை எந்தக் கோடும் காட்டுவதில்லை. டவர் பல பத்து வாட் சக்தியில் பேசுகிறது. சாதாரண செல்பேசிக்குத் தரநிலை அனுமதிக்கும் உச்சம் 200 மில்லிவாட். இது முதல் காரணம்.

இரண்டாவது, நேரப் பங்கீடு. நம் நாட்டில் 4ஜி-க்குப் பயன்படும் 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தரவு டவரிலிருந்து இறங்குவதும் செல்பேசியிலிருந்து ஏறுவதும் ஒரே அலைவரிசையில், நேரத்தைப் பிரித்துக்கொண்டு நடக்கின்றன. பரவலாகப் பயன்படும் ஒரு பிரிவினையில் ஒவ்வொரு 10 மில்லி விநாடியிலும் 2 மட்டுமே மேலே அனுப்புவதற்கு. அந்த இரண்டையும் டவரின் கீழ் இருக்கும் எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதுதான் இந்த இதழின் விஷயம். இறங்கு திசையில் தரவு டவரின் கையிலேயே இருக்கிறது; யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று அது யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஏறு திசையில் தரவு உங்கள் கைப்பையில் இருக்கிறது. அது இருப்பதே டவருக்குத் தெரியாது, செல்பேசி சொன்னால் ஒழிய.

எப்படிச் சொல்கிறது? “அனுப்பலாமா” என்று கேட்கிறதா?
– வங்கி ஊழியர், கும்பகோணம்

இரண்டு கட்டமாக. முதலில் ஒரு வெற்று அழைப்பு. பொறியாளர்கள் இதை எஸ்.ஆர். என்போம்; ஷெட்யூலிங் ரிக்வெஸ்ட். “என்னிடம் ஏதோ இருக்கிறது” என்பதற்கு மேல் அதில் ஒரு சொல்கூட இல்லை. எவ்வளவு, எவ்வளவு அவசரம் என்ற எதுவும் கிடையாது. அதையும் நினைத்தபோது அனுப்ப முடியாது. ஒவ்வொரு செல்பேசிக்கும் 5, 10, 20, 40 மில்லி விநாடிக்கு ஒருமுறை என்று டவர் ஒரு முறை வைத்திருக்கும். தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அழைப்பைக் கேட்ட டவர், கண்ணை மூடிக்கொண்டு ஒரு சிறிய இடத்தை ஒதுக்குகிறது. இந்த ஒதுக்கீட்டுக்குத் துறையில் கிராண்ட் என்று பெயர். அதில்தான் செல்பேசி உண்மையான கணக்கைச் சொல்கிறது: இத்தனை பைட் காத்திருக்கிறது என்று. அனுப்பக் காத்திருக்கும் தரவு நிற்கும் வரிசைக்குப் பஃபர் என்று பெயர். ஆகவே இதுதான் பஃபர் நிலை அறிக்கை, சுருக்கமாக பி.எஸ்.ஆர். சின்னச் செய்தியானால் அறிக்கையோடு சேர்ந்து அதே இடத்தில் போய்விடவும் கூடும். வீடியோவானால் அறிக்கையைப் படித்த டவர் இரண்டாவதாகப் பெரிய இடம் ஒதுக்க வேண்டும். அதன்பிறகே உங்கள் கும்மி கிளம்பும்.

4ஜி-யில் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் சுமார் 4 மில்லி விநாடி. முறைக்காகக் காத்திருந்ததைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், அழைப்பு போனதிலிருந்து பெரிய தரவின் முதல் பைட் கிளம்ப ஏறத்தாழ 16 மில்லி விநாடி ஆகிவிடுகிறது. நீங்கள் கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவுதான். ஆனால் இணையத்தில் விளையாடும் உங்கள் பையனைக் கேட்டுப் பாருங்கள், 16 மில்லி விநாடி என்றால் என்னவென்று அவன் சொல்வான்.

அனுப்பத் தொடங்கியபின் ஒவ்வொன்றுக்கும் எஸ்.ஆர். தேவையில்லை. தரவு ஓடிக்கொண்டிருக்கும்போது குறித்த இடைவெளியில் அறிக்கையும் கூடவே ஏறிக்கொள்ளும். காலியாக இருந்த பஃபரில் புதிதாக ஏதேனும் வந்தாலோ, இருப்பதைவிட முக்கியமானது வந்து சேர்ந்தாலோ இடைவெளிக்குக் காத்திராமல் உடனே ஓர் அறிக்கை பிறக்கும்.

ஐயா, தகவல் தொடர்புப் பாடத்தில் பி.எஸ்.ஆர். வெறும் 64 அளவுகளில்தான் சொல்லப்படுகிறது என்று படித்தேன். இத்தனை கோடி ரூபாய்த் தொழில்நுட்பத்தில் சரியான பைட் எண்ணிக்கையைச் சொல்ல முடியாதா?
– பொறியியல் மாணவர், திருநெல்வேலி

ஐயா அல்ல, அம்மா. கேள்வி நல்ல கேள்வி.

சொல்லலாம். ஆனால் சொல்வதற்கே இடம் செலவாகும். அறிக்கையும் அதே நெருக்கடியான வழியில்தான் போக வேண்டும். 4ஜி-யில் குறுகிய அறிக்கை மொத்தம் ஒரே ஒரு பைட்: எந்தத் தொகுதி (காத்திருக்கும் தரவை வகைவாரியாகப் பிரித்த குழு) என்று சொல்ல 2 பிட், எவ்வளவு என்று சொல்ல 6 பிட். ஆறு பிட்டில் 64 எண்கள்தான் அடங்கும். நான்கு தொகுதிகளுக்கும் சேர்த்துச் சொல்லும் நீண்ட அறிக்கை மூன்று பைட்.

இந்த 64-ஐ எப்படிப் பிரித்தார்கள் என்பதில்தான் கெட்டிக்காரத்தனம். 0 என்றால் ஒன்றுமில்லை. 1 என்றால் 10 பைட் வரை. 2 என்றால் 12 வரை, 3 என்றால் 14 வரை, 4 என்றால் 17 வரை. இப்படியே போய் 62-க்கு வரும்போது 1,28,125-க்கு மேல் 1,50,000 வரை. ஒவ்வொரு படியும் முந்தையதைவிட ஏறக்குறைய 17 சதவீதம் பெரியது. கீழே இரண்டு பைட் வித்தியாசத்தையும் கண்டுகொள்ளும் பட்டியல், மேலே போகப் போக இருபதாயிரம் பைட்டை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. சிறிய தொகையில் பிசகினால் டவர் ஒதுக்கும் இடம் பாதி வீணாகும். பெரிய தொகையில் அப்படியில்லை, எப்படியும் பல தவணைகளில்தான் அனுப்பப் போகிறீர்கள், நடுவில் திருத்திக்கொள்ளலாம்.

63-தான் வேடிக்கை. “1,50,000-க்கு மேல்” என்று பொருள். எவ்வளவு மேல்? அது கேட்கக்கூடாத கேள்வி. இரண்டு லட்சம் பைட் வைத்திருப்பவனும் 63; இருபது லட்சம் வைத்திருப்பவனும் 63. வேகம் கூடக்கூட இது போதாமல் போய், 30 லட்சம் பைட் வரை சொல்லும் நீட்டித்த பட்டியலைப் பிற்பாடு சேர்த்தார்கள். 5ஜி-யில் குறுகிய அறிக்கைக்கு இன்னும் கஞ்சத்தனம்: 5 பிட், 32 அளவுகள். அங்கே 30 என்று சொன்னால் 1,07,669-க்கு மேல் 1,50,000 வரை எதுவாகவும் இருக்கலாம். நாற்பதாயிரம் பைட்டுக்கு மேல் ஊசலாட்டம்! ஆனால் நீண்ட அறிக்கைக்கு 8 பிட். படிக்குப் படி ஆறரை சதவீதம்தான் வேறுபாடு. உச்சம் 8,13,38,368 பைட்டைத் தாண்டியது. சிறிய அறிக்கையில் கை நெருக்கி, பெரியதில் தாராளமாக இருக்கிறார்கள். எனக்கு இந்தத் தீர்மானம் பிடித்திருக்கிறது.

தேர்வுக்கு உதவும் இன்னொன்று: ஒதுக்கிய இடத்தில் தரவை நிரப்பியபின் அறிக்கை ஒன்று கொள்ளும் அளவு மிச்சமிருந்தால், வெறும் நிரப்புப் பிட் போடுவதற்குப் பதில் அங்கே ஓர் அறிக்கையைச் செருகிவிட வேண்டும் என்பது விதி. பேடிங் பி.எஸ்.ஆர். என்று இதற்குப் பெயர். வாய்வழித் தேர்வில் தவறாமல் கேட்பேன், நான் தேர்வாளராக வந்தால்.

இணைய வேகத்தைக் கூட்டும் ‘பூஸ்டர்’ செயலி ஒன்றைப் பணம் கட்டி வாங்கியிருக்கிறேன். டவரிடம் அதிகத் தரவு இருப்பதாகக் காட்டி அதிக இடம் வாங்கித்தருமாம். உண்மையா?
– துணிக்கடை உரிமையாளர், ஈரோடு

பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பி.எஸ்.ஆர். தயாராவது, செல்பேசியில் டவரோடு பேசும் பகுதியான மோடத்துக்குள் ஓடும் தனி மென்பொருளில். கடையில் வாங்கும் செயலி அந்த அறையின் வாசற்படியைக்கூட மிதிக்க முடியாது.

சரி, மோடமே பொய் சொன்னால்? டவர் இடம் தரும். அனுப்ப ஒன்றுமில்லாமல் அந்த இடம் நிரப்புப் பிட்டாகத் திரும்பிவரும். டவருக்கும் கண் இருக்கிறது. அதைவிட முக்கியம், அறிக்கை என்பது விண்ணப்பம், ஆணை அல்ல. அறிக்கையின் வடிவத்தை 3ஜிபிபி என்ற உலகத் தரநிலைக் கூட்டமைப்பு பிட் பிட்டாக வரையறுத்திருக்கிறது. ஆனால் அதைப் படித்து யாருக்கு எவ்வளவு தருவது என்ற கணக்கை அது வரையறுக்கவே இல்லை. அது டவர்க் கருவி செய்யும் ஒவ்வொரு நிறுவனத்தின் தொழில் ரகசியம். கண்மாய்ப் பாசனத்தில் எந்த வயல் காய்கிறது என்று ஒவ்வொருவரும் தண்ணீரைப் பங்கிடும் நீர்க்கட்டியிடம் சொல்லலாம். மடையை எப்போது, யாருக்கு, எத்தனை நாழிகை திறப்பது என்பது அவர் தீர்மானம். அப்படித்தான்.

கனடாவில் இருக்கும் மகளோடு இரவில் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் பேசுவோம். சில நாட்கள் நான் உறைந்துபோய்விடுகிறேனாம். அவள் எனக்கு நன்றாகத் தெரிகிறாள். அதே இடத்திலிருந்து சம்பந்தியிடம் சாதாரண அழைப்பில் பேசினால் ஒரு குறையும் இல்லை. செல்பேசி பழுதா?
– ஓய்வுபெற்ற தாசில்தார், காரைக்குடி

செல்பேசி பழுதில்லை ஐயா. இந்தக் குறையைப் புரிந்துகொண்டால் மேலே சொன்னது முழுவதும் புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

4ஜி-யில் நீங்கள் பேசும் சாதாரண அழைப்பு, வோல்ட்இ, இணையத்தோடு கலப்பதில்லை. அதற்குத் தனித் தடம், தனி முன்னுரிமை. 100 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும் என்ற தாமத வரம்பும் உண்டு. செல்பேசிக்குள் அதற்குத் தனி வரிசை. அறிக்கையிலும் அதற்கென்று ஒரு தொகுதி எண் கொடுத்துவிடலாம். “இந்தத் தொகுதியில் 60 பைட்” என்று அறிக்கை வந்தால், அது குரல் என்று டவர் உடனே அறிந்துகொள்கிறது.

வாட்ஸ்அப் அழைப்பு அப்படியல்ல. செல்பேசி வலையமைப்பின் கண்ணுக்கு அது வெறும் இணையத் தரவு. நீங்கள் அன்று கோயிலில் எடுத்த படங்கள் இருக்கின்றனவே, அவற்றைச் செல்பேசி இரவில் தானாக இணையச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்தால் அவையும் அதே இணையத் தரவு. இரண்டும் ஒரே தடம், ஒரே வரிசை, ஒரே தொகுதி. அறிக்கையில் கூட்டுத்தொகை மட்டும் போகிறது. அதற்குள் உங்கள் முகம் எத்தனை பைட், கோபுரப் படம் எத்தனை பைட் என்று பிரித்துச் சொல்ல வழியே கிடையாது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மோடத்தின் வரிசையில் படங்களின் 5,00,000 பைட் முன்னால் நிற்கிறது. உங்களுக்குக் கிடைக்கும் ஏறு வேகம் விநாடிக்கு 1 மெகாபிட், அதாவது 1,25,000 பைட். உங்கள் முகத்தின் அடுத்த காட்சி வரிசையின் கடைசியில் போய் நின்றால், அதன் முறை வர நான்கு விநாடி. மகளுக்கு நீங்கள் சிலை. அவளுடைய படம் வருவது இறங்கு திசையில். அங்கே நெரிசலில்லை, ஆகவே அவள் தெளிவாகத் தெரிகிறாள்.

டவர் நல்லெண்ணத்தோடு அதிக இடம் கொடுத்தாலும் படங்கள்தான் முதலில் தின்னும். கிராண்ட் செல்பேசிக்கு மொத்தமாகத் தரப்படுகிறது; எந்தத் தடத்திலிருந்து எடுத்து நிரப்புவது என்பதை டவர் முன்பே வகுத்துக் கொடுத்த முன்னுரிமை விதிப்படி செல்பேசியே செய்கிறது. அந்த விதி தடங்களுக்கு இடையில்தான் செல்லும். ஒரே தடத்துக்குள் முன்னால் வந்தது முன்னால்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் செல்பேசியில் 40 ஜி.பி. படங்கள் ஏற்றப்படக் காத்திருக்கலாம். டவருக்கு அது தெரியாது. செயலியின் கையிலும் இயங்குதளத்தின் கையிலும் இருப்பவை அறிக்கையில் சேர்வதில்லை. மோடத்தின் வரிசைக்குள் வந்து விழுந்தவை மட்டுமே கணக்கு. அனுப்ப அனுப்ப மேலிருந்து புதிதாகக் கொட்டிக்கொண்டே இருப்பதால், அறிக்கை தீராமல் 63, 63 என்று போய்க்கொண்டிருக்கும்.

செய்ய வேண்டியது: படங்களின் தானியங்கிச் சேமிப்பை வைஃபை இருக்கும்போது மட்டும் என்று மாற்றுங்கள். அமைப்புகளில் ‘பேக்கப்’ என்ற இடத்தில் இருக்கும். பேரனைக் கூப்பிட வேண்டாம், நீங்களே செய்துவிடலாம்.

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் சிக்னல் முழுதாக இருந்தும் ஒரு “வந்து சேர்ந்தோம்” செய்திகூடப் போகவில்லை. அதற்கும் இந்த அறிக்கைதான் காரணமா?
– இல்லத்தரசி, விழுப்புரம்

அறிக்கை வரைக்கும் போயிருந்தால் நீங்கள் பாக்கியசாலி. அத்தனை லட்சம் பேர் கூடும் இடத்தில் இடறுவது அதற்கு முந்தைய படியிலேயே. செல்பேசி எஸ்.ஆர். அனுப்புகிறது, பதிலில்லை, மீண்டும் அனுப்புகிறது. டவர் வைத்த வரம்பு 4 முதல் 64 முறை வரை. அதுவும் தாண்டினால், தனக்கென்று இருந்த முறையைக் கைவிட்டுவிட்டு, புதிதாக நுழைபவர்களோடு சேர்ந்து பொதுவாசலில் நிற்க வேண்டும். 4ஜி-யில் ஒரு பகுதிக்கு அங்கே 64 அடையாளக் குறிகள்தான். இரண்டு செல்பேசிகள் ஒரே நேரத்தில் ஒரே குறியை எடுத்தால் மோதல்; விலகி, மீண்டும் முயற்சி.

அறிக்கை போய்ச் சேர்ந்து, பதில் கிராண்ட் வராவிட்டால் அதற்கும் ஒரு கடிகாரம் உண்டு. 320 மில்லி விநாடியிலிருந்து 10 விநாடிக்குச் சற்று மேல் வரை டவர் விரும்பியபடி வைக்கலாம். அது தீர்ந்ததும் செல்பேசி திரும்ப முறையிடத் தொடங்கும். கூட்டத்தில் வீடியோவை விட்டுவிட்டு எழுத்துச் செய்தி அனுப்புங்கள். போகவில்லையே என்று அதே செய்தியை ஐந்து தடவை தட்டாதீர்கள். ஐந்தும் உங்கள் வரிசையிலேயே ஒன்றின்பின் ஒன்றாக நிற்கும்.

வீடியோ அனுப்பும்போது மட்டும் செல்பேசி சூடாகிறதே?
– லாரி ஓட்டுநர், நாமக்கல்

டவர் தொலைவில் இருந்தால் செல்பேசி முழு பலத்தோடு கத்துகிறது. பேட்டரி அதற்குத்தான் போகிறது. எவ்வளவு பலம் மிச்சமிருக்கிறது என்பதையும் அது டவருக்குத் தனி அறிக்கையாகச் சொல்கிறது. 4ஜி-யில் அந்த எண் −23 முதல் +40 டெசிபெல் வரை. எதிர்மறை எண் என்றால் “நீ கேட்கும் அளவுக்கு என்னால் கத்த முடியாது” என்று பொருள். நான் வலையமைப்புச் சோதனை வேலையில் இருந்த காலத்தில், பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பின் பின்னிருக்கையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பேன். ஒரு வளைவில் திரும்பியதும் பஃபர் எண் 63-இல் போய் ஒட்டிக்கொள்ளும், மிச்ச பலத்தைக் காட்டும் எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். சுமை நிறைய, தெம்பு இல்லை. அப்போது டவர் எவ்வளவு இடம் ஒதுக்கினாலும் பயனில்லை என்பதால் குறைவாகவே ஒதுக்கும். மலைப்பாதையில் வண்டியை நிறுத்தி அனுப்புவதைவிடச் சமவெளிக்கு இறங்கி அனுப்புங்கள்; சூடும் குறையும், நேரமும் குறையும்.

இந்த அறிக்கையைப் பிறர் ஒட்டுக்கேட்க முடியுமா?
– வழக்கறிஞர், மதுரை

கருவி இருந்தால் முடியும். நீங்கள் அனுப்பும் செய்தி மறையாக்கம் ஆன பிறகே காற்றில் போகிறது. ஆனால் அந்த மறையாக்கம் நடப்பது மேலடுக்கில். பி.எஸ்.ஆர். அதற்குக் கீழ் அடுக்கில் பிறப்பதால் பூட்டில்லாமலேயே போகிறது. அதிலிருந்து ஒருவர் அறியக்கூடியது தொகுதி எண்ணும் தோராயமான அளவும்தான். கட்சிக்காரர் என்ன சொன்னார் என்பது வெளியே வராது. நிறையச் சொன்னாரா என்பது வரலாம்.

5ஜி வந்தபின்னும் இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அனுப்ப வேண்டுமா?
– மின்னணுப் பழுதுபார்ப்பவர், கோயம்புத்தூர்

பெரும்பாலும் ஆம். தொகுதிகள் நான்கிலிருந்து எட்டாகியிருக்கின்றன. குறித்த இடைவெளியில் வரும் சிறு தரவுக்குக் கேட்காமலே நிலையாக இடம் ஒதுக்கிவைக்கும் வழியை 5ஜி விரிவாக்கியிருக்கிறது. 20 மில்லி விநாடிக்கு ஒரு துண்டு வீதம் போகும் குரலுக்காக 4ஜி-யிலேயே இதன் முன்னோடி இருந்தது.

எனக்கு ஆர்வமூட்டுவது 3ஜிபிபி தரநிலையின், 2024-இல் நிறைவடைந்த 18ஆம் வெளியீடு. மெய்நிகர்க் கண்ணாடி போன்ற கருவிகளை மனத்தில் வைத்து, “எவ்வளவு இருக்கிறது” என்பதோடு “இதில் இவ்வளவு, இத்தனை மில்லி விநாடிக்குள் போகாவிட்டால் குப்பை” என்று சொல்லும் தாமத அறிக்கை ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். நியாயமான காரியம். காலாவதியான பைட்டும் காத்திருக்கும் பைட்டும் இதுவரை ஒரே எண்ணாகத்தான் போய்க்கொண்டிருந்தன.

விமானப் பயன்முறையில் வைத்தாலும் செல்பேசி அறிக்கை அனுப்புமா?
– ஏழாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

அனுப்பாது கண்ணே. அலைபரப்பியே அணைந்துவிடும். இன்னொன்றும் தெரிந்துகொள்: சாதாரணமாகப் பையில் சும்மா கிடக்கும்போதும் அனுப்பாது. சற்று நேரம் தரவு ஓடாவிட்டால் டவர் இணைப்பைத் துண்டித்துவிடும். அப்போது எஸ்.ஆர். அனுப்பும் முறையும் இருக்காது. அடுத்து நீ ஒரு செய்தி அனுப்பினால், திருவண்ணாமலைக் கேள்வியில் சொன்ன அந்தப் பொதுவாசல் வழியாகத்தான் செல்பேசி முதலில் உள்ளே வர வேண்டும்.